தனியாளாக பிரேக்கில் ஏர் எடுக்க: குழாயா, சிரிஞ்சா, வாக்குவம் பம்பா?

மோட்டார் சைக்கிளின் டிஸ்க் பிரேக்கில் ஏர் எடுப்பது, அதாவது பிரேக் ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது, வழக்கமாக இருவர் செய்யும் வேலை. ஒருவர் லீவரை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில் உள்ள நிப்பிளை, அதாவது ஆயிலை வெளியே விடும் சிறு திருகை, திறந்து மூடுவார். தண்டையார்பேட்டையில், ஒரு வண்டியை நிறுத்தினால் இன்னொன்று நுழைய முடியாத எங்கள் சந்தில், அந்த இரண்டாவது ஆள் எனக்கு வாய்த்ததே இல்லை என்பதால் மூன்று வழிகளையும் தனியாகவே செய்து பார்த்திருக்கிறேன். லீவரிலிருந்து காலிப்பருக்குப் போகும் லைனுக்குள் ஆயில் நிறைந்திருக்கிறதா, அல்லது பழுது பார்த்ததில் வற்றிப்போய்விட்டதா என்பதை வைத்தே எது உகந்தது என்று சொல்ல முடியும்.

ஆயிலை மாற்றுவது மட்டுமே நோக்கம் என்றால் குழாயும் பாட்டிலும் போதும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஈரம் ஏறியபின் அதன் வரம்பு 155 டிகிரிதான். ஆண்டு முழுவதும் கடற்காற்றுப் படும் காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் மீன்தொட்டிக்கு விற்கும் ஒளி ஊடுருவும் காற்றுக்குழாயில் ஒரு முழம் வாங்கி, ஒரு முனையை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைச் சிறிது ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்க வைத்து நிப்பிளைத் தளர்த்திவிட்டால், லீவரை அழுத்தி விடும்போது திரும்ப இழுக்கப்படுவது காற்றாக இல்லாமல் ஆயிலாகவே இருக்கும். வலக்கை லீவரில் இருக்க, லீவருக்குப் பக்கத்திலேயே உள்ள ஆயில் டப்பாவின் மட்டத்தைக் கவனிக்கலாம்; தனியாளுக்கு இதைவிட வசதி வேறில்லை. பழைய வண்டியில் மட்டும் லீவரை ஹேண்டில் வரை அழுத்தாமல், இடையில் ஒரு மரத்துண்டை வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் லீவர் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் தான் ஒருபோதும் தொடாத, துருவும் கசடும் படிந்த பகுதியில் உரசிக் கிழிய வாய்ப்புண்டு.

ஆனால் காலிப்பரைப் பிரித்து சீல் மாற்றிய பிறகு, லைன் முழுக்கக் காற்றாக இருக்கும் நிலையில், இதே முறை பொறுமையைச் சோதிக்கும். குமிழி மேலே ஏறப் பார்க்கும், நாமோ ஆயிலைக் கீழ்நோக்கித் தள்ளுகிறோம். அரை மணி நேரம் அடித்தும் லீவர் பஞ்சு போலவே இருக்கும். சிரிஞ்சால் காலிப்பர் பக்கத்திலிருந்து ஆயிலை ஏற்றினால் குமிழி போகும் திசையிலேயே ஆயிலும் போவதால், சில நிமிடங்களில் லீவர் இறுகிவிடும். இதன் குறை, கீழே குந்தி அழுத்துபவருக்கு மேலேயுள்ள டப்பா தெரியாது என்பது. ஒருமுறை டப்பா வழிந்து பெட்ரோல் டேங்கில் இறங்கியதைத் தாமதமாகப் பார்த்து, வாளித் தண்ணீரை ஊற்றியும், பெயின்ட் கொப்பளித்து உரிந்த அந்த உள்ளங்கை அகலத் தழும்பு இன்றும் வண்டியில் இருக்கிறது. டப்பாவில் இருக்கும் ஆயிலை முதலிலேயே உறிஞ்சி எடுத்துவிட்டு, சுற்றிலும் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு தொடங்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில், காலிப்பரில் தங்கிய கசடு மேலே ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போகும் என்பதால் இந்த வழியை நான் தொடுவதில்லை.

நிப்பிளிலிருந்து ஆயிலை உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் பம்ப் விலைக்கேற்ற பலன் தருவதில்லை. தளர்த்திய நிப்பிளின் மரை வழியாகவே வெளிக்காற்றை அது உறிஞ்சிவிடுவதால், லைனில் காற்றே இல்லாதபோதும் குழாயில் குமிழிகள் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். எப்போது நிறுத்துவது என்றே தெரியாது. மரையைச் சுற்றி கிரீஸ் தடவினால் ஓரளவு குறையும், அவ்வளவுதான்.

எந்த வழியில் எடுத்தாலும் கடைசியில் ஓரிரு குமிழி தங்கி லீவர் சற்று மெத்தென்று இருந்தால், நிப்பிளை இறுக்கியபின் டப்பாவின் வாய் மட்டமாக இருக்கும்படி ஹேண்டிலைத் திருப்பி, லீவரை ஹேண்டிலோடு துணியால் கட்டி இரவு முழுக்க விட்டுவிடுவேன். காலையில் கட்டை அவிழ்த்து மெல்ல மெல்ல அசைக்கும்போது, டப்பாவின் அடித்துளையிலிருந்து கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வரும். அவை நின்ற பிறகுதான் மூடியைப் போட்டு, சந்திலேயே வண்டியைத் தள்ளி நிறுத்திப் பார்ப்பது வழக்கம்.