நேரடிச் சுவரா, பலகையா? கிங்கைட் இனுயிட் இளைஞர்களின் பொதுச் சுவரோவியம்

கிங்கைட், கனடாவின் வடகோடிப் பகுதியான நுனாவுட்டில் உள்ள ஊர். அங்குள்ள இனுயிட் (ஆர்க்டிக் பழங்குடி) இளைஞர்கள் பொதுச் சுவரோவியம் வரைய இரண்டு வழிகள்: சுவரிலேயே நேரடியாக வரைவது, அல்லது பலகையில் வரைந்து சுவரில் பொருத்துவது. அங்கே ஜூலையில்கூட சராசரி வெப்பம் 10 டிகிரியை எட்டுவதில்லை. சாதாரண அக்ரிலிக் பெயின்ட் சரியாகப் படிய ஏறக்குறைய அந்த அளவு வெப்பம் வேண்டும். அதைவிடக் குளிர்ந்த சுவரில் நேரடியாக வரைந்தால் படலம் சேராமல் பொடியாக உதிரும். ஆனால் தெருவில் வரையும்போது ஊர்ப் பெரியவர்கள் நின்று பார்ப்பார்கள், திருத்தம் சொல்வார்கள். அந்த உரையாடல் விலைமதிப்பற்றது.

பலகை என்றால் குளிர்காலம் முழுக்கப் பள்ளிக்குள்ளேயே வரையலாம். நாலுக்கு எட்டு அடி, 12 மி.மீ. வெளிப்புற ஒட்டுப்பலகை போதும். விளிம்புகளுக்கு இரண்டு கோட் பிரைமர் (அடிப்பூச்சு) கட்டாயம். ஈரம் நுழைவது அங்கேதான். பொருத்தும்போது பலகைகளுக்கிடையே 3 மி.மீ. இடைவெளி, பின்னால் காற்று ஓட இடம்விடும் சட்டங்கள், துருப்பிடிக்காத திருகுகள். பெயின்டைக் கோடையில் வரும் சரக்குக் கப்பலிலேயே வரவழையுங்கள், உறைந்தால் திரிந்துவிடும்.

எங்கள் தேர்வு பலகைதான். கோட்டோவியத்தை மட்டும் பெரியவர்களிடம் முன்பே காட்டிவிடுங்கள்.