ஜெர்மனியில் இன்டர்ன்ஷிப்: பகிர்வு வீட்டில் ஓர் அறையா, தனி ஸ்டூடியோவா?

வாடகை: பகிர்வு வீட்டில் (அங்கே 'வேகே' என்பார்கள்) குறைவு. ஸ்டூடியோவில் (சமையல் வசதியோடு ஒரே அறையிலான தனி வீடு) கட்டில், மேஜை, இணையம் எல்லாம் பெரும்பாலும் இருக்கும், விலையும் அதற்கேற்ப. விளம்பரத்தில் 'கால்ட்' என்றால் வெறும் வாடகை. 'வார்ம்' என்றால் ஹீட்டிங், தண்ணீர் சேர்த்து. மின்சாரம் பெரும்பாலும் வார்மிலும் சேராது, கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பணம்: சட்டப்படி மூன்று மாத கால்ட் வாடகைதான் உச்சம். சாவி தருமுன் பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.

முகவரிப் பதிவு: இங்கேதான் பலர் மாட்டுவது. குடியேறி இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும். வீடு கொடுப்பவர் கையெழுத்திட்ட படிவம் தேவை. உரிமையாளருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விடுபவர்கள் இதைத் தர மறுப்பார்கள். பதிவில்லாவிட்டால் வரி எண் கடிதம் வராது, சம்பளக் கணக்கு சிக்கும். தபால்பெட்டியில் உங்கள் பெயரையும் ஒட்டுங்கள். இல்லையென்றால் கடிதம் திரும்பிவிடும்.

ஒலிபரப்புக் கட்டணம்: பொது வானொலி, தொலைக்காட்சிக்காக வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. வேகேயில் பங்கு போடலாம், ஸ்டூடியோவில் முழுதும் உங்கள் தலையில்.

சமையல்: வேகேயில் மிளகாய் தாளிக்கும்முன் ஜன்னலைத் திறப்பது நல்லது!

கையிருப்பு குறைவு, பேச ஆள் வேண்டும் என்றால் வேகே. மூன்றே மாதம், தேட நேரமில்லை, நிறுவனம் வாடகைக்கு உதவுகிறது என்றால் ஸ்டூடியோ.