விடுமுறைக்குப் பெரிய வீடு பிடிக்கிறீர்களா? முன்பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

கோடை விடுமுறையில் கூட்டமாகக் கிளம்பும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் நண்பர்களுமாக ஒரே வீட்டில் சில நாள் தங்க நாங்கள் கட்டிய பணம் மோசடிக்காரன் கைக்குப் போய்விட்டது. வீடு இருந்தது, முகவரி சரி, படங்களும் அந்த வீட்டுப் படங்கள்தான். அதை எங்களுக்கு வாடகைக்கு விட்ட ஆளுக்கும் அந்த வீட்டுக்கும்தான் ஒரு சம்பந்தமும் இல்லை.

வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரே வாரத்தில் விடுப்பு கிடைப்பது எவ்வளவு பாடு என்பது உங்களுக்கே தெரியும். பெரியம்மா வீடு, சித்தப்பா வீடு, அண்ணனின் நண்பர்கள் என்று எல்லாருக்கும் தேதி ஒத்துவந்த பிறகுதான் வீடு தேடவே ஆரம்பித்தோம். இந்த மாதிரிக் கூட்டத்துக்குத்தான் இவர்கள் காத்திருக்கிறார்கள். ஆள் அதிகம், தேதியை மாற்ற முடியாது, பெரிய வீடுகளோ ஏற்கெனவே நிரம்பிவிட்டன. அந்த நேரத்தில் எல்லாரும் படுக்க இடமுள்ள, ஏரியைப் பார்த்த வீடு ஒன்று காலியாக இருக்கிறது என்றால் மனசு நிம்மதிதான் படும், சந்தேகப்படாது.

அண்ணிதான் தேடிப் பிடித்தார். எல்லாருக்கும் தெரிந்த ஒரு வாடகைத் தளத்தில்தான் விளம்பரம் இருந்தது. விசாரித்ததும் 'உரிமையாளர்' நல்ல மரியாதையாகப் பதில் போட்டார். தளத்தின் காலண்டரில் ஏதோ கோளாறு, பதிவு சரியாக விழவில்லை, வாட்ஸ்அப்பில் பேசலாமா என்றார். அங்கே போனதும் தளத்துக்குக் கொடுக்கும் கமிஷன் மிச்சமாகும், அதை உங்களுக்கே குறைத்துத் தருகிறேன் என்றார். பெரியவர்கள் வருகிறார்களா, படி ஏற முடியுமா, கீழ் அறையை ஒதுக்கச் சொல்லட்டுமா என்று அவராகவே கேட்டார். பெரியம்மாவின் முழங்கால் வலியை நினைத்து அந்தக் கேள்வி கேட்கப்பட்டதாகவே எங்களுக்குத் தோன்றியது. இப்போது யோசித்தால், கூட்டமாக வரும் எந்தக் குடும்பத்தில்தான் முழங்கால் வலி இல்லை?

பிறகு ஒரு இணைப்பு வந்தது. அந்தத் தளத்தின் நிறம், எழுத்து, பொத்தான்கள் எல்லாம் அச்சு அசலாக அப்படியே. இணைய முகவரியில் மட்டும் நடுவே ஒரு சொல் கூடுதலாக ஒட்டியிருந்தது. மேலே பூட்டுப் படம் வேறு. அந்தப் பூட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் அனுப்பும் தகவலை வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். மறுமுனையில் இருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லாது. அந்தப் பூட்டு வருவதற்கு ஒரு தளம் வாங்க வேண்டிய சான்றிதழ் யாருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. மக்கள் அதை நம்பிக்கைச் சின்னமாகத் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் குரோம் உலாவியில் 2023 செப்டம்பரில் அந்தப் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு குறியைப் போட்டார்கள். அந்தப் போலிப் பக்கத்தின் பெயர் எப்போது பதிவானது என்று என் அக்கா மகன் பின்னால், இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் (ICANN) அமைப்பின் தேடல் பக்கத்தில் போட்டுப் பார்த்தான். அண்ணி விசாரிப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் பதிவாகியிருந்தது. பல வருடமாக வீடு விடுகிறேன் என்று சொன்னவரின் பக்கம்!

அடுத்தது அவசரம். இன்னொரு குடும்பமும் இதே தேதிக்குக் கேட்கிறது, சாயங்காலம் வரை உங்களுக்காக வைத்திருக்கிறேன் என்று ஒரு செய்தி. அண்ணி அதைக் குடும்பக் குழுவில் போட்டார். அவ்வளவுதான், பங்குப் பணம் மளமளவென்று வந்து விழுந்தது. கட்டைவிரல் படங்கள் வரிசையாக. அத்தனை பேரில் ஒருவர்கூட அந்த இணைப்பைத் திறந்து பார்க்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்த்திருப்பார் என்று நினைத்தோம். தனியாகப் போகிறவன் தன் பணம் என்று நாலு தடவை யோசிப்பான். பத்துப் பதினைந்து பேர் பங்கு போடும்போது தொகை சின்னதாகத் தெரிகிறது, பொறுப்பும் அதே அளவுக்குச் சின்னதாகிவிடுகிறது. மோசடிக்காரன் ஏமாற்ற வேண்டியது ஒரே ஒருவரை. மீதிப் பேரை அந்த ஒருவரே நம்பவைத்துவிடுவார், அதுவும் நல்லெண்ணத்தோடு.

பணம் அனுப்பும்போது வங்கித் திரையில் வேறொரு பெயர் வந்தது. கேட்டதற்கு, அது எங்கள் கணக்குப்பிள்ளையின் கணக்கு என்று பதில். பெறுபவரின் பெயர் பொருந்துகிறதா என்று காட்டும் வசதி பிரிட்டனின் பெரிய வங்கிகளில் 2020 முதல் இருக்கிறது. யூரோ நாடுகளில் 2025 அக்டோபர் 9 முதல் அது கட்டாயம். மற்ற பல நாடுகளிலும் கைபேசிச் செயலியில் பெயர் தெரிகிறது. அந்தப் பெயர் மாறி வந்தால், காரணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கேயே நின்றுவிடுங்கள். வீட்டுக்காரர் தன் வீட்டு வாடகையை வாங்க அடுத்தவர் கணக்கு எதற்கு?

கிளம்புவதற்கு முதல் நாள், திருப்பித் தரும் வைப்புத் தொகை என்று இன்னொரு தொகை கேட்டார்கள். போலிப் பக்கத்தில் அட்டை வழியாகவும் கட்டலாம் என்று இருந்ததால் சித்தப்பா மகள் தன் கிரெடிட் கார்டில் கட்டினாள். இது பின்னால் உதவியது, சொல்கிறேன்.

போய் இறங்கினோம். வாசல் கதவின் எண் பூட்டில் எங்களுக்கு வந்த எண்ணைப் போட்டால் திறக்கவில்லை. மணி அடித்ததும் ஒரு வயதான அம்மா வந்தார். எங்கள் பெட்டிகளைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கோடையில் இப்படி வருவது நாங்கள் முதல் குடும்பம் இல்லையாம். வீட்டை விற்பதாக இருந்தபோது போட்ட விளம்பரப் படங்களை எவனோ எடுத்து வைத்துக்கொண்டு விளையாடுகிறான் என்றார். தண்ணீர் கொடுத்து, பெரியம்மாவுக்கும் மாமாவுக்கும் திண்ணையில் நாற்காலி போட்டார். அவர் வீட்டு வாசலில் மாதம் தவறாமல் அந்நியர்கள் வந்து நிற்பது அவருக்கு எவ்வளவு தொல்லை! அவரும் இதில் பாதிக்கப்பட்டவர்தான் என்பது எங்களில் சிலருக்குக் கோபம் அடங்கிய பிறகுதான் உறைத்தது.

இதைவிட முக்கியமானது அடுத்த சில மணி நேரம் நடந்தது. வாட்ஸ்அப்பில் அந்த ஆள் பதில் போட்டுக்கொண்டே இருந்தான். அது பக்கத்து வீடு, காவலாளி சாவியோடு வந்துகொண்டிருக்கிறார், வண்டி பழுதாகிவிட்டது, அரை மணி பொறுங்கள், மன்னியுங்கள் என்று ஒவ்வொன்றாக. ஏமாற்றி முடித்தவன் ஏன் இன்னும் பேசுகிறான் என்று எங்களுக்கு ஒரு நப்பாசை. அந்தப் பேச்சின் நோக்கமே வேறு. போன பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து வேறொன்றுக்கும் மாற்றி எடுக்க அவர்களுக்கு நேரம் வேண்டும். வங்கிக்கு நாம் சொல்வது எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு லாபம். கதவு திறக்கவில்லை என்றால் காவலாளிக்காகக் காத்திருக்காமல் வாசலில் நின்றபடியே உங்கள் வங்கியை அழையுங்கள். இந்தியாவில் 1930, மலேசியாவில் 997 என்ற எண்கள் இதற்கென்றே இருக்கின்றன. பிரிட்டனில் 159 அழைத்தால் உங்கள் வங்கிக்கே இணைப்பார்கள். சிங்கப்பூரில், இது மோசடியா என்று சந்தேகம் வரும்போதே 1799 அழைத்துக் கேட்கலாம், பணம் அனுப்புவதற்கு முன்பே.

பணம் என்ன ஆயிற்று? கார்டில் கட்டிய வைப்புத் தொகை மட்டும் முழுதாகத் திரும்பியது. வாங்காத சேவைக்குக் கார்டில் கட்டியிருந்தால், அந்தப் பரிவர்த்தனையை மறுத்துத் திருப்பிக் கேட்கும் ஏற்பாடு விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் உண்டு. பொதுவாக 120 நாள் கெடு. சித்தப்பா மகள் விளம்பரம், உரையாடல், போலி ரசீது எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்திருந்தாள், அதனால் வேலை சுலபமாக முடிந்தது. வங்கிக் கணக்கு வழியாக நாமே அனுப்பியது அப்படி இல்லை. 'நீங்களே அனுமதித்த பணம்' என்பது பல நாடுகளில் வங்கி சொல்லும் முதல் பதில். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் இப்படி ஏமாந்தவர்களுக்கு வங்கிகள் பெரும்பாலும் ஈடுகட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. எல்லா இடத்திலும் அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் வாடகைப் பணத்தில் ஒரு சின்னத் துண்டு மட்டும் ஏதோ ஒரு கணக்கில் முடக்கப்பட்டுக் கிடக்கிறதாம். புகார் நிலுவையில் இருக்கிறது.

வாடகைத் தளத்திடம் முறையிட்டோம். எங்கள் வழியாகப் பணம் கட்டவில்லையே என்று கைகழுவிவிட்டார்கள். சட்டப்படி சரியாக இருக்கலாம், ஆனால் திருட்டுப் படத்தோடு விளம்பரம் தொங்கியது அவர்கள் சுவரில்தானே? இந்தத் தளங்களில் சில, விருந்தினர் உள்ளே போய் ஏறத்தாழ ஒரு நாள் ஆன பிறகே உரிமையாளருக்குப் பணத்தை விடுகின்றன. அந்தப் பாதுகாப்பிலிருந்து நம்மை வெளியே கூட்டிப்போகத்தான் 'வாட்ஸ்அப்புக்கு வாருங்கள்' என்ற அழைப்பு.

பணத்தைவிடக் கசந்தது வீட்டுக்குள் நடந்த பேச்சு. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்தது என்று மாமா ஆரம்பித்தார். அப்பவே என்றால் எப்போ மாமா? குழுவில் உங்கள் கட்டைவிரல்தான் இருக்கிறது. அண்ணி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தன் வேலையை விட்டுவிட்டு எல்லாருக்காகவும் அலைந்தவர் மேல்தான் பழி விழுகிறது, ஒன்றும் செய்யாதவர்கள் எல்லாம் விவரமானவர்களாகிவிடுகிறார்கள். இது உங்கள் வீட்டில் நடந்தால் முதலில் அந்தப் பேச்சை நிறுத்துங்கள். திட்டு விழும் என்ற பயத்தில்தான் பலர் புகார் கொடுக்கவே தாமதிக்கிறார்கள்.

அதே கோடையில் இன்னொரு சின்ன விஷயம். ஊருக்குத் திரும்பும் முன் எல்லாருமாக ஓர் உணவகத்தில் சாப்பிட்டோம். பில்லைப் பார்க்காமலே ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்கப் போனபோது, பள்ளியில் படிக்கும் அண்ணன் மகள் அதை வாங்கி வரிவரியாகப் படித்தாள். நாங்கள் கேட்காதது ஒன்று, ஒருமுறை வந்தது இருமுறை, போதாக்குறைக்குச் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி, அதன்மேல் டிப்ஸுக்குத் தனிக் கட்டம். கேட்டதும் மறுபேச்சில்லாமல் திருத்தித் தந்தார்கள், பழகிய கை போலிருக்கிறது. இப்போது எங்கள் குழுவில் எதற்குப் பணம் கட்டுவதானாலும் பார்க்கும் வேலை அவளுடையது. வீட்டுப் படத்தைக் கூகுள் லென்ஸிலோ டின்ஐ (TinEye) தளத்திலோ போட்டு அது வேறெங்கே வந்திருக்கிறது என்று தேடுவது, வரைபடத்தில் தெருவைப் பார்ப்பது, வீடியோ அழைப்பில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்வது எல்லாம் அவள்தான். கைபேசிச் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று வீடியோவை மறுத்த ஒருவரை ஏற்கெனவே தள்ளிவிட்டாள்.

கடைசியாக ஒன்று, இது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் கதையை அண்ணன் ஒரு பயணக் குழுவில் எழுதிய மறுநாளே ஒரு பெண்ணின் பெயரில் அனுதாபச் செய்தி வந்தது. நானும் இப்படித்தான் ஏமாந்தேன், ஒரு நிபுணர் முழுப் பணத்தையும் மீட்டுத் தந்தார், அவர் எண் இதோ என்று. நிபுணரிடம் பேசினால் பணம் இருக்குமிடம் தெரிந்துவிட்டது, விடுவிக்க முன்கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்கிறார். ஏமாந்தவர்களின் பட்டியலையே குறிவைக்கும் இரண்டாவது மோசடி இது. போலீசோ வங்கியோ உங்கள் பணத்தை உங்களுக்குத் தருவதற்கு முன்கட்டணம் கேட்காது. இந்தப் பதிவின் கீழேயும் அப்படி யாராவது வந்து எழுதுவார்கள். பதில் போடாமல் புகாரளித்துவிடுங்கள்.