திங்கட்கிழமை பத்மநாபபுரம் என்று போட்டிருந்தால் பணம் கட்டாதீர்கள்

சேலத்தில் இருந்து கன்னியாகுமரிக்கு வேன் டூர் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். காலாண்டு விடுமுறையில் எங்கள் வீட்டில் ஆறு பேர் போய் ஏமாந்து வந்தோம்.

பேப்பருக்குள் வைத்து வந்த துண்டு நோட்டீஸில்தான் ஆரம்பித்தது. சனிக்கிழமை இரவு அம்மாபேட்டையில் வண்டி ஏறினால் செவ்வாய் விடியற்காலை திரும்பிவிடலாம், ஆளுக்கு 3,200 ரூபாய். கன்னியாகுமரி, சுசீந்திரம், திற்பரப்பு அருவி எல்லாம் எந்த டூரிலும் காட்டுவதுதான். எங்களை இழுத்தது ‘பத்மநாபபுரம் அரண்மனை, தமிழ் கைடுடன்’ என்ற வரி. அதற்கு நுழைவுச்சீட்டு, கைடு என்று ஆளுக்கு 250 தனி. மொத்தம் 20,700 கட்டினேன்.

அம்மா முப்பது வருஷம் சமூக அறிவியல் டீச்சராக இருந்தவர். 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததையும், பிடிபட்ட டச்சு அதிகாரி டி லனாய் பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்ததையும், அவர் கல்லறை அரண்மனைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டையில் இருப்பதையும் கூடவே இருந்து பார்த்தவர் மாதிரி சொல்வார். திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த பத்மநாபபுரத்தை மட்டும் நேரில் பார்த்ததில்லை. “முட்டி இப்படி வலிக்குது. இந்த வருஷம் விட்டா அப்புறம் நம்மால ஆகாது கண்ணு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை குறையில்லாமல் போனது. சாப்பாடு சுமார். திங்கள் காலை ஒன்பதரைக்குத் தக்கலை தாண்டி அரண்மனை முன் வண்டி நின்றது. கதவு பூட்டியிருந்தது. எங்களோடு வந்த டூர் மேனேஜர் இறங்கிப்போய் இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தார். “கேரளா கவர்மெண்ட் திடீர்னு லீவு விட்டுட்டாங்க சார். நாங்க என்ன பண்றதுங்க?”

நான் நம்பிவிட்டேன். பொய்யிலும் பாதி உண்மை கலந்திருந்ததுதான் காரணம். 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும், இந்த அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் கையிலேயே தங்கிவிட்டது. நம் மண்ணில் இருக்கிறது, அவர்கள் பராமரிக்கிறார்கள். அதனால் கேரளாவில் ஏதோ விடுமுறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டீ குடிக்கப் போன கடையில்தான் விஷயம் வெளியே வந்தது. கடைக்காரர் சிரித்தார். “திங்கக்கிழமை என்னைக்கும் லீவுதாம்லா. போன மாசமும் இதே வண்டி ஒரு திங்கக்கிழமைதான் வந்து நின்னுச்சு.”

செவ்வாய்க்கிழமை சலூன் திறக்காது என்று தெரிந்து வைத்திருக்கும் மனுஷன், அரண்மனைக்கு வார விடுமுறை உண்டா என்று போனில் ஒரு தடவை தேடிப் பார்க்கவில்லை. என் தப்பு அது. ஆனால் வண்டி விடுகிறவர்களுக்குமா தெரியாது? ஞாயிற்றுக்கிழமை அரண்மனை, திங்கட்கிழமை கன்னியாகுமரி என்று மாற்றிப் போட்டிருந்தால் தீர்ந்தது.

அம்மா சண்டை போடவில்லை. மதிலுக்கு மேல் தெரிந்த ஓட்டுக் கூரையைக் காட்டி, என் பிள்ளைகளைத் தெருவிலேயே நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். கண்ணாடி மாதிரி பளபளக்கும் கறுப்புத் தரை, அதில் முட்டை வெள்ளைக்கருவும் சுட்ட கொட்டாங்குச்சிக் கரியும் சேர்த்ததாகச் சொல்லப்படுவது, ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் ஊட்டுப்புரை, கடிகாரம் இருக்கும் மணிமேடை. சின்னவள் கேட்டாள், “பாட்டி, நீங்க எப்பப் பார்த்தீங்க?”

அதற்கு மேல் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

மிச்சமான நேரத்துக்கு எங்களை ஒரு மூலிகை எண்ணெய்க் கடைக்குக் கூட்டிப் போனார்கள். ஒன்றரை மணி நேரம். மேனேஜர் உள்ளே முதலாளியோடு உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமையை ஏன் மாற்ற மாட்டார்கள் என்பதை அங்கேதான் ஊகித்தேன். டிக்கெட் காசு மிச்சம், கடைக்கு நேரமும் கிடைக்கிறது.

ஊருக்கு வந்து ஆபீஸில் கேட்டால் ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். எறும்பு எழுத்தில் ‘இடங்கள் மாறுதலுக்கு உட்பட்டவை’. சரி, அந்த 250-ஐயாவது கொடுங்கள் என்றேன். கைடுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டதாம். பூட்டிய அரண்மனைக்கு எந்த கைடு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அடுத்த டூரில் 500 குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அடுத்த டூராம்!

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் போகலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. அதனால் நோட்டீஸைக் கிழித்துப் போடாதீர்கள். எனக்கு இப்போது கையில் இருக்கும் ஆதாரமே அதுவும், ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவும், பூட்டிய கதவை என் பையன் எடுத்த போட்டோவும்தான்.

அரண்மனைக்குத் தனியாகப் போகிறவர்கள் செவ்வாய் முதல் ஞாயிறு வரை காலையிலேயே போய்விடுங்கள். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை அடைத்துவிடுவார்கள்.

நேற்றுப் பேப்பரோடு அரையாண்டு விடுமுறை நோட்டீஸ் வந்தது. அதே அச்சு, அதே போன் நம்பர். சனிக்கிழமை இரவு புறப்பாடு. திங்கள் காலை பத்மநாபபுரம் அரண்மனை.