கனடா வரும் அகதிக்கு யார் துணை: அரசா, ஐந்து பேரா?

வெளிநாட்டிலிருக்கும் அகதிகளைக் குடியமர்த்த கனடாவில் முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று அரசு உதவி. மற்றது 1979 முதல் நடக்கும் தனியார் ஸ்பான்சர் முறை. குறைந்தது ஐந்து பேர் சேர்ந்தோ, தேவாலயம் போன்ற ஓர் அமைப்போ ஒரு குடும்பத்துக்குப் பொறுப்பேற்கலாம்.

அரசு வழியில் வருபவர்களைப் பெரும்பாலும் ஐ.நா. அகதிகள் அமைப்பு பரிந்துரைக்கிறது. உதவித்தொகை பொதுவாக ஓராண்டு வரை கிடைக்கும். வீடு தேட, வங்கிக் கணக்கு தொடங்கத் தொண்டு நிறுவன ஊழியர் உதவுவார். பணம் அரசிடமிருந்து வரும், ஆனால் அந்த ஊழியர் கையில் இன்னும் பல குடும்பங்கள் இருக்கும்.

தனியார் வழியிலும் வழக்கமாக ஓராண்டுதான், செலவு ஸ்பான்சர்களுடையது. ஆனால் ஆள்பலம் இங்கேதான். ஒருவர் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பார், இன்னொருவர் குளிர்கால கோட்டு வாங்கக் கூட்டிப்போவார், மற்றொருவர் தெரிந்த இடத்தில் வேலை விசாரிப்பார். சில சமயம் அன்புத்தொல்லையும் உண்டு: இதை ஏன் வாங்கினீர்கள், அங்கே ஏன் போனீர்கள் என்று. செலவு செய்பவரிடம் 'வேண்டாம்' என்று சொல்வது லேசல்ல.

சரி, சொந்தக்காரரை வரவழைக்க வேண்டுமென்றால்? தனியார் வழிதான், அதில்தான் ஆளைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். ஆனால் 2024 நவம்பர் இறுதியில் ஐவர் குழுக்களின் புதிய விண்ணப்பங்களை அரசு நிறுத்திவைத்தது. இப்போதைய நிலையை விசாரித்துவிட்டு ஆள் சேர்க்கத் தொடங்குங்கள்.