கிறிஸ்துமஸ் கேக் துண்டுகள்: பிள்ளைகள் கைக்கு எந்த ஐசிங்?

டிசம்பர் பிறந்தால் பல வீடுகளில் நடக்கிற கூத்து இது. சதுரமாக ஒரு கேக் சுட்டு, துண்டு போட்டு, ஆளுக்கு நாலாகப் பிள்ளைகளிடம் கொடுத்து, "நீங்களே அலங்காரம் பண்ணுங்க" என்று விட்டுவிடுவது. கேக் எப்படியாவது வந்துவிடும். சிக்கல் எல்லாம் மேலே பூசுகிற சமாச்சாரத்தில்தான். பட்டர்கிரீமா, ஃபாண்டன்ட்டா (சப்பாத்தி மாவு மாதிரி தேய்த்துப் போர்த்துகிற சர்க்கரைப் பிசைவு), சாக்லேட்டா, வெறும் எலுமிச்சை ஐசிங்கா? யூடியூபில் பார்த்தால் எல்லாமே அழகு. அங்கே ஏசி ஓடுகிறது, பூசுவதும் பழகின கை. இங்கே மழைக்கால ஈரக்காற்று, பூசப்போவது ஆறு வயதுக் கை. இந்த இரண்டையும் பார்த்துத்தான் நான் மார்க் போடுகிறேன். ருசி அதற்கு அப்புறம்.

முதலில் அடி கேக். கிறிஸ்துமஸ் என்றால் பிளம் கேக்தானே என்பீர்கள். சாப்பிட அதுதான். அலங்கரிக்க அது உதவாது. கறுத்த மேல்பரப்பில் எந்த நிறமும் எடுபடாது. பூசி முடிப்பதற்குள் திராட்சையை எல்லாம் நோண்டித் தின்றிருப்பார்கள். இலங்கையில் ரவையும் முந்திரியும் சேர்த்துச் செய்கிற ரிச் கேக்கைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிற வழக்கம் உண்டு. பிளம் கேக்தான் வேண்டும் என்றால் அந்த வழி நல்லது: சுற்றுகிற வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், மினுக்குத் தாள், ரிப்பன் என்று ஒரு மதியம் ஓடிவிடும்.

ஐசிங் போடுவதற்கு வெனிலா கேக். வெண்ணெய், சர்க்கரை, மைதா மூன்றும் தலா 150 கிராம், முட்டை 3, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன். 8 அங்குலச் சதுர டின்னில், 180 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். நாலுக்கு நாலாக வெட்டினால் 16 துண்டு வரும். முதல் நாள் இரவே சுட்டுவிடுங்கள். சூட்டோடு வெட்டினால் உதிர்ந்து, அந்தத் தூள் எல்லாம் ஐசிங்கில் ஏறும். இன்னொன்று: துண்டுகளைத் தலைகீழாக வையுங்கள். டின்னின் அடியில் இருந்த பக்கம் மழமழவென்று இருக்கும், பூச வாகாக இருக்கும்.

இனி போட்டி. பட்டர்கிரீமுக்கு மவுசு அதிகம். 100 கிராம் உப்பில்லாத வெண்ணெய்க்கு 200 கிராம் ஐசிங் சர்க்கரை (மாவாக அரைத்த சர்க்கரை), அடித்தால் தயார். உடனே காயாது என்பதால் பிள்ளைகள் ஆற அமரப் பூசலாம், பிடிக்காவிட்டால் வழித்துவிட்டு மறுபடி பூசலாம். ஆனால் பைப்பிங் பையை (ஐசிங்கை நிரப்பிப் பிழிகிற கூம்புப் பை) ஒரு குழந்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு யோசிக்கிற நேரத்தில் உள்ளே இருக்கிற வெண்ணெய் இளகிவிடும். நட்சத்திரம் போடப் போன இடத்தில் ஒரு குளம் கட்டும். நிறமும் தகராறுதான். நம் ஊர் வெண்ணெய் பெரும்பாலும் மஞ்சள். "சித்தி, நான் நீலம்தானே கேட்டேன், இது பச்சையா இருக்கே?" என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். சிவப்பு வேண்டும் என்று கலரை ஊற்றிக்கொண்டே போனால் கசப்பு தட்டும். பத்து வயதுக்கு மேல், ஃபேன் ஓடுகிற அறையில் என்றால் சரி. வாண்டுகளுக்கு வேண்டாம்.

ஃபாண்டன்ட்டை எடுத்துக்கொண்டால், கேக்கை மறந்துவிட்டு விளையாடுவதற்கு அதைப்போல் ஒன்றில்லை. கார்ன்ஃப்ளார் தூவி, சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, அச்சால் நட்சத்திரமும் மரமும் வெட்டலாம். அவசரமே இல்லை, மீதியை ஈரத்துணி போட்டோ டப்பாவில் மூடியோ வைத்தால் போதும். படத்துக்கும் இதுதான் முதலிடம். தின்பதற்கோ கடைசி இடம்: பாதிப் பிள்ளைகள் மேலே இருக்கிற தகட்டை உரித்துத் தட்டோரம் வைத்துவிட்டுக் கேக்கை மட்டும் தின்னும். அலங்கரித்ததைப் பத்திரமாக ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். வெளியே எடுத்த சற்று நேரத்தில் வியர்த்து, கையில் ஒட்டிப் பிசுபிசுக்கும்.

ராயல் ஐசிங் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் செய்வது. விரலை நக்கிக்கொண்டே வேலை செய்கிறவர்கள் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனசு வராது. வெள்ளைக்கரு மிச்சம் இருந்தால் தூத்துக்குடி மக்ரூன் பக்கம் போகலாம், அது பெரியவர்கள் வேலை. பேக்கரிகளில் போடுகிற விப்பிங் கிரீம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சில்லென்று இருக்கிறவரைதான் அது நிற்கும். பிள்ளைகள் அவ்வளவு நேரத்தில் முடிப்பதில்லை.

சாக்லேட் பூச்சு எதிர்பார்த்ததைவிட நன்றாகவே தேறுகிறது. 200 கிராம் டார்க் காம்பவுண்டுக்கு (பேக்கிங்குக்கு விற்கிற சாக்லேட் கட்டி) 100 மில்லி ஃப்ரெஷ் கிரீம், சூடாக்கிக் கலந்து, கைபொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட வேண்டும். பூசவே தேவையில்லை. துண்டைத் தலைகீழாகப் பிடித்து மேல்பக்கத்தை மட்டும் முக்கி, ஒரு சுழற்று சுழற்றி எடுத்தால் மூன்று வயசுக் குழந்தைக்கும் வழவழப்பாக வந்துவிடும். அதன்மேல் உலர் தேங்காய்த் துருவலைத் தூவினால் பனி விழுந்தாயிற்று. குறை, படம் வரைய இடமில்லை. முக்கு, தூவு, முடிந்தது. அடுத்த நாள் துவைக்க வேண்டிய துணியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு எலுமிச்சை ஐசிங்குக்குத்தான். 200 கிராம் ஐசிங் சர்க்கரை, சுமார் 2 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. வீட்டில் மிக்ஸியில் அரைத்த சர்க்கரை என்றால் டீ வடிகட்டியிலாவது சலித்துவிடுங்கள், நறநறப்பு போகாது இல்லாவிட்டால். கரண்டியிலிருந்து விழுகிற கோடு பத்து நொடி நின்று பிறகு மறைய வேண்டும், அதுதான் பதம். சாற்றைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள், ஒரு டீஸ்பூன் கூடினாலே பக்கவாட்டில் வழிந்துவிடும். வெண்ணெய் இல்லாததால் இளகுவதற்கு ஒன்றுமில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருப்பதால் கேட்ட நிறம் கிடைக்கும். பீட்ரூட் சாறு சில சொட்டு விட்டால் எலுமிச்சையின் புளிப்பில் பளிச்சென்ற ரோஸ் நிறம். அந்தப் புளிப்பு தித்திப்பையும் அடக்கும், பெரியவர்களும் இரண்டாவது துண்டு கேட்பார்கள்.

இதில் கண்டிப்பு ஒன்றுதான்: சில நிமிடத்தில் மேலே ஏடு கட்டிவிடும், அதற்கப்புறம் தூவுவது எதுவும் ஒட்டாது. ஆகவே நாலு துண்டையும் ஒரேயடியாகப் பூசவிடாதீர்கள். ஒன்றைப் பூசி, தூவி, தள்ளி வைத்த பிறகு அடுத்தது. தூவ இறக்குமதி ஸ்பிரிங்கிள்ஸ் தேட வேண்டாம். சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டியும், பெட்டிக்கடைச் சீரக மிட்டாயும் போதும். வெள்ளி உருண்டைகள் கல் மாதிரி இருக்கும், சின்னதுகளுக்குத் தொண்டையில் சிக்கலாம், தள்ளியே வையுங்கள்.

பெரியதும் சிறியதுமாகக் கலந்த கூட்டம் என்றால் இரண்டைச் சேர்க்கலாம். சின்னவர்கள் எலுமிச்சை ஐசிங் பூசட்டும். பெரியவள் ஒரு கைப்பிடி ஃபாண்டன்ட்டில் நட்சத்திரம் வெட்டி நடுவில் ஒட்டட்டும். முழுக்கப் போர்த்தாததால் உரித்து எறிவதும் இருக்காது. நன்றாகக் காய்ந்தபின் எவர்சில்வர் டப்பாவில் ஒரே அடுக்காக வைத்தால் வெளியிலேயே இரண்டு நாள் இருக்கும். டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைத்துவிடுங்கள், எறும்புக்கும் டிசம்பர்தான்.