ஊர் ஆஸ்பத்திரி வார்டும் சிஸ்டர்களின் மனக்குறையும்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் வருபவர்களுக்கு, வயதான அப்பா அம்மாவால் சில நாளாவது ஆஸ்பத்திரி வார்டில் கழியும். அங்கே முதலில் காதில் விழும் புகார், "சிஸ்டர் கூப்பிட்டா வர்றதே இல்லை." சிஸ்டர்களிடமே கேட்டால் கணக்கு வேறாக இருக்கிறது.

பொது வார்டில் போதனா மருத்துவமனை (மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது) என்றால் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் விதி. நைட் டியூட்டியில் 40 கட்டிலுக்கு இரண்டே பேர் நிற்கும் வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி மருந்தின் 1 கிராம் குப்பியை 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டரில் கரைத்து, நரம்பில் 2 முதல் 4 நிமிடம் வரை மெதுவாக ஏற்ற வேண்டும். கேஸ் ஷீட்டில் எழுதுவதையும் சேர்த்து ஒரு நோயாளிக்கு 5 நிமிடம் என்றாலே, ஒரு சிஸ்டரின் பங்குக்கு வரும் 20 பேருக்கு 100 நிமிடம். 8 மணி ஊசி கடைசிக் கட்டிலுக்கு 9.40 வாக்கில்தான் வரும். வேகமாகத் தள்ளினால் நரம்பு வலித்து வீங்கும். அதற்கும் ஏச்சு சிஸ்டருக்குத்தான்.

டிரிப்பும் அப்படியே. 1 லிட்டரை 8 மணி நேரத்தில் ஏற்ற, மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 42 சொட்டு. சீக்கிரம் முடியட்டும் என்று கூட இருப்பவர்கள் குழாயில் சொட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சக்கரத்தைத் திறந்துவிடுகிறார்கள். இதயம் பலவீனமான பெரியவருக்கு இதனால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

வேலை பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் குறைவு. நரம்பே தெரியாத கையில் ஒரே குத்தில் வென்ஃப்ளான் (டிரிப் ஏற்றக் கையில் செருகி வைக்கும் சிறு குழாய்) போட்டுவிட்டால் அன்று முழுக்க அந்தப் பெருமை இருக்கும். வலிப்பது, "ஊசி போடுற பொண்ணு" என்று சுருக்கிப் பேசுவதுதான். நான்கு வருட பி.எஸ்ஸி. நர்ஸிங் மாணவிகளுக்கு இன்னொரு குறை: படித்துக்கொள்ள வந்தோமா, ஆள் பற்றாக்குறையை அடைக்க வந்தோமா என்று. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் வார்டு முழுக்க பி.பி. பார்ப்பதிலேயே போஸ்டிங் ஓடிவிடுகிறது. கேட்பது நியாயமான கேள்வி.

சம்பளத்தில்தான் மனம் அதிகம் கசந்திருக்கிறது. தமிழக அரசு 2015-ல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய். அது பிறகு 14,000, அடுத்து 18,000 ஆனது. இரண்டு ஆண்டில் பணி நிரந்தரம் என்று நம்பிச் சேர்ந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். 50 கட்டிலுக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று மத்திய அரசு அமைத்த குழு 2016-ல் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை.

அதனால்தான் வெளிநாட்டிலிருந்து வருபவர்களைப் பார்த்ததும் மாணவிகள் வழி கேட்கிறார்கள். சரியாகச் சொல்லுங்கள். பிரிட்டன் என்றால் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு 6.5, வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றுக்கும் 7, இல்லையேல் மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு. அதோடு நர்ஸிங்கில் கணினி வழித் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. ஜெர்மனி என்றால் பொதுவாக பி2 அளவு ஜெர்மன் வேண்டும். வளைகுடாவுக்கு டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் செய்யும் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால், இதெல்லாம் பாதியிலேயே நின்றுவிடும்.

வார்டில் உங்கள் பங்குக்கு ஒன்று: டியூட்டி மாறும் நேரத்தில் சிஸ்டர்களை அழைக்காதீர்கள். அப்போதுதான் யாருக்கு என்ன மருந்து பாக்கி என்று கட்டில் கட்டிலாக ஒப்படைக்கிறார்கள். நடுவில் பேச்சு கொடுத்தால் விட்டுப்போவது உங்கள் அம்மாவுக்கான ஊசியாகவும் இருக்கலாம்.